பிரம்பு வாள் சண்டைக்கு மேற்பார்வை பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை

போன வருடம் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கத் திடலில் 14 பேர் இரும்புத் தலைக்கவசமும் தோல் கவசமும் மாட்டிக்கொண்டு பிரம்பு வாளால் சண்டை போட்டார்கள். மேற்பார்வை பார்த்தது நான். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு பையனுக்குக் கன்னத்தில் தையல், இன்னொரு பையன் தீவிர சிகிச்சைப் பிரிவில். என் சீட்டுப் பணத்தில் 52,000 ரூபாய் போனது. பள்ளிக்கு 9 நாள் போகவில்லை, அதில் 4 நாளுக்குச் சம்பளம் இல்லை. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அந்த மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பையனின் அம்மாவுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. இதை எப்படிப் பாதுகாப்பாக நடத்துவது என்று தமிழில் யாராவது முன்பே இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தால் நான் செய்த தவறில் பாதியைச் செய்திருக்க மாட்டேன். அதற்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. சின்ன வயதிலிருந்து சிலம்பம் ஆடியவள். மாவட்ட அளவில் பரிசு வாங்கியிருக்கிறேன், பிறகு பல போட்டிகளுக்கு நடுவராக நின்றிருக்கிறேன். என் சித்தி மகன் எஞ்சினியரிங் படிக்கும்போது நண்பர்களோடு சேர்ந்து இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டான். எல்லாருமே வேலூர்க் கோட்டை அகழியைச் சுற்றி நடந்து வளர்ந்த பிள்ளைகள், கவசம் வாள் என்றால் ஆசை இருக்கத்தானே செய்யும்? ராணிப்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் தகடு வெட்டித் தலைக்கவசம் செய்துகொண்டார்கள். வாணியம்பாடிப் பக்கம் தோல் ஷெட்டில் மிஞ்சிய தடித்த தோலை எடைக்கு வாங்கி மார்புக் கவசம் தைத்தார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "அக்கா, நீங்க நடுவுல நின்னா போதும்க்கா, பசங்க அடங்குவாங்க" என்றான். சிலம்பத்துக்கு நின்றது போலத்தானே என்று நானும் சரி என்றேன். நான் செய்த முதல் தவறு அந்தச் 'சரி'தான். சிலம்பத்தில் நடுவரின் வேலை வேறு, இதில் வேறு. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது.

இவர்கள் எடுத்துக்கொண்ட விதிகள், அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில் 1966இல் தொடங்கிய 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரானிசம்' என்ற அமைப்பினுடையவை. ஐரோப்பிய இடைக்கால வாழ்க்கையை, சண்டை உட்பட, ஆடிப் பார்க்கும் அமைப்பு அது. வாள் என்பது பிரம்பு. குறுக்களவு ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தலைக்கவசம் 16 கேஜ் இரும்பு, ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். முகத்துக்கு முன்னால் இருக்கும் கம்பிகளுக்கு நடுவே ஒரு அங்குலக் குறுக்களவுள்ள குச்சி நுழையக் கூடாது. கழுத்து, முழங்கை, முழங்கால், சிறுநீரகம் இருக்கும் இடுப்புப் பக்கம், கை, அடிவயிற்றுக்குக் கீழே எல்லாவற்றுக்கும் காப்பு வேண்டும். முழங்காலிலும் அதற்குக் கீழும், மணிக்கட்டிலும் கையிலும் அடிக்கக் கூடாது. புஜத்தில் அடி விழுந்தால் அந்தக் கையை உபயோகிக்கக் கூடாது, தொடையில் விழுந்தால் மண்டியிட்டுத்தான் ஆட வேண்டும். தலையிலோ உடம்பிலோ நல்ல அடி விழுந்தால் தோற்றதாகக் கணக்கு. அந்த அடி சரியாக விழுந்ததா இல்லையா என்பதை அடி வாங்கியவரே சொல்ல வேண்டும், நடுவர் சொல்வதில்லை. இதைப் படித்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. "அவனவன் தோத்தேன்னு அவனே சொல்வானா? நான் பாத்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த விதி ஏன் அப்படி இருக்கிறது என்று அன்று மதியத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

காலை 7 மணிக்குத் தொடங்குவதாகத் திட்டம். வேன் தாமதம், கவசத்தில் வார் அறுந்தது, வெளியூரிலிருந்து நாலு பேர் வர வேண்டியிருந்தது என்று முதல் சண்டை தொடங்கும்போது மணி 10.45. வேலூர் வெயிலைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் பாறை மலை, பாலாற்றில் மணல்தான், பங்குனியிலேயே தார் ரோடு இளகும். அன்றைக்கு நான் "நேரம் ஆயிடுச்சு, அடுத்த வாரம் வெச்சுக்கலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, சமையல் அடுப்பில் ஏறிவிட்டது, வெளியூர்ப் பிள்ளைகள் வந்து இறங்கிவிட்டார்கள். வாய் வரவில்லை. தொடங்கும் நேரத்தைவிட முடிக்கும் நேரத்தைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பது என் அனுபவம். இந்தப் பக்கத்தில் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் கவசச் சண்டை வேண்டவே வேண்டாம். மற்ற மாதங்களில் காலை 9 மணிக்குத் தலைக்கவசம் கழற்றியாக வேண்டும். தாமதமாகத் தொடங்கினால் சண்டைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம், நேரத்தை நீட்டக் கூடாது.

மூன்றாவது சண்டையில் முதல் விபத்து. வெளியூரிலிருந்து வந்த ஒரு பையனின் வாள் மேலிருந்து கீழ்வரை வெள்ளி நிற டேப் சுற்றி, நுனியும் மூடியிருந்தது. கையில் வாங்கியதும் எடை குறைவாக இருப்பது தெரிந்தது. "பிரம்புதானே?" என்றேன். "ஆமாக்கா" என்றான். முந்தின நாள் இரவு பஸ் ஏறி வந்த பிள்ளை, எல்லார் முன்னாலும் டேப்பைப் பிரிக்கச் சொன்னால் அவமானப்படுவானே என்று விட்டுவிட்டேன். உள்ளே இருந்தது மூங்கில். எதிராளியின் கேடயத்து விளிம்பில் இரண்டு முறை பட்டதும் விரிந்துவிட்டது. டேப் சுற்றியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வீச்சில் டேப்பைக் கிழித்துக்கொண்டு ஒரு சிம்பு முகக் கம்பிக்கு நடுவில் நுழைந்து, கண்ணுக்கு இரண்டு விரல்கடை கீழே கன்னத்தைக் கிழித்தது.

சிலம்பம் ஆடியவளுக்கு மூங்கில் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். சிலம்பத்தில் மூங்கில் கழியை நாங்களே சுழற்றுகிறோம். ஆனால் அங்கே கழியும் கழியும் மோதும், விரிசல் விட்டால் வெறும் கண்ணுக்குத் தெரியும், ஓசையும் மாறும். இங்கே முழு பலத்தோடு இரும்பிலும் கேடயத்திலும் விழுகிறது, மேலே டேப் வேறு மூடியிருக்கிறது. பிரம்பு உள்ளே கெட்டி. அடிபட்டுத் தேய்ந்தால் துடைப்பம் மாதிரி நார் நாராகப் பிரியும். மூங்கில் உள்ளே குழல். நீளவாக்கில் பிளந்து கத்தி முனை போல நிற்கும். இப்போது நான் எந்த வாளாக இருந்தாலும் நுனி டேப்பைப் பிரிக்கச் சொல்கிறேன். வெட்டு முகத்தில் ஊசி குத்தியது போலப் பொடிப் பொடியாகத் துளைகள் தெரிந்தால் பிரம்பு. நடுவில் ஓட்டை தெரிந்தால் மூங்கில், மறுபேச்சில்லை. அப்புறம் இரண்டு முனையையும் பிடித்து லேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேட்கிறேன். உள்ளே உடைந்திருந்தால் நெறுக் நெறுக்கென்று சத்தம் வரும். கட்டை விரலை நீளவாக்கில் அழுத்திக்கொண்டே போனால் மெத்தென்று அமுங்கும் இடம் விரலுக்கே தெரியும். கைப்பிடியில் மணிக்கட்டில் மாட்டும் கயிறு இல்லையென்றால் அந்த வாளையும் ஓரம் வைக்கிறேன், பிடி நழுவினால் பார்வையாளர் பக்கம்தான் பறக்கும். ஒரு வாளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அந்த மூன்றாவது சண்டையில் எனக்கு இன்னொன்றும் நடந்தது. இரண்டாவது முறை கேடயத்தில் பட்டபோது சத்தம் சொத்தையாகக் கேட்டது. காதில் விழுந்தது, ஆனால் மண்டையில் ஏறவில்லை. ஏனென்றால் அடி விழுந்ததா, தொடையா இடுப்பா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். என் கண் முழுக்க வாள் நுனியிலேயே இருந்தது. அடி கணக்கை ஆடுபவரிடமே விட்டுவிடச் சொல்லும் விதியின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அங்கே மேற்பார்வை பார்ப்பவரை மார்ஷல் என்கிறார்கள். அவர் புள்ளி கணக்கிட நிற்கவில்லை. வார் அவிழ்ந்திருக்கிறதா, தலைக்கவசம் ஒரு பக்கம் சாய்கிறதா, மண்டியிட்டவன் பின்னால் கல் கிடக்கிறதா, கோபத்தில் கை தோளிலிருந்து வருகிறதா, மூச்சு இரைக்கிறதா என்று பார்ப்பதற்கு நிற்கிறார். பொய் சொல்லி ஜெயிப்பவன் ஜெயித்துவிட்டுப் போகட்டும், கூட ஆடுபவர்களே இரண்டாவது முறை அவனோடு ஆட மாட்டார்கள். நிறுத்துவதற்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு மிகவும் கஷ்டமான பகுதி. கன்னத்தில் ரத்தம் வழிந்ததும், துணியை வைத்து அழுத்திக்கொண்டு அந்தப் பையனை என் ஸ்கூட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பின்னால் ஒருவன் பிடித்துக்கொண்டு வந்தான். போகும்போது "நான் வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்று சொன்னேனா என்றால், சொல்லவில்லை. அவசரத்தில் எதுவும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். பிள்ளைகள் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, வெளியூர்க்காரர்கள் ரயிலைப் பிடிக்க வேண்டுமே என்று ஆறுக்கு ஆறு குழுச் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். மணி 12.20. மேற்பார்வைக்கு ஒருவரும் இல்லை.

குழுச் சண்டையின் நடுவில் ஒரு பையன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "பஸ் வந்துடுச்சா?" என்று கேட்டிருக்கிறான். கிண்டல் செய்கிறான் என்று எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இரண்டாவது முறையும் அதையே கேட்டிருக்கிறான். அப்புறம் அப்படியே சரிந்துவிட்டான். வெயிலில் பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ அது வெறும் களைப்பு இல்லை, உடம்புச் சூடு மூளையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். வேர்வை வருகிறதே என்று சமாதானம் ஆகவும் கூடாது, ஆடிக்கொண்டிருக்கும்போது வருகிற வெப்பத் தாக்கில் வேர்வை நிற்காமலும் இருக்கும். கவசத்தைக் கழற்ற முயன்றால், மார்புத் தோல் முதுகில் கயிற்றால் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. வேர்வையில் முடிச்சு இறுகிப்போய் நாலு பேர் சேர்ந்தும் அவிழ்க்க முடியவில்லை. மண்டபத்துச் சமையல்காரர் காய் நறுக்கும் கத்தியோடு ஓடிவந்து கயிற்றை அறுத்து, அரிசி கழுவ வைத்திருந்த அண்டாத் தண்ணீரை மொண்டு மொண்டு தலையிலும் உடம்பிலும் ஊற்றி, சாக்கால் விசிறிக்கொண்டே இருந்திருக்கிறார். 108 வந்து சேரும்வரை அவர் நிறுத்தவில்லை. அந்தத் தண்ணீர்தான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று பிறகு டாக்டர் சொன்னார். அந்தப் பெரியவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இதில் நான் கற்றதை அப்படியே சொல்கிறேன். முதலில் குளிர வைக்க வேண்டும், வண்டி வரும்வரை காத்துக்கொண்டிருக்கக் கூடாது. நிழலுக்குக் கொண்டுபோய், கவசத்தைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீரோ மோரோ ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். கவசத்துக் கட்டு எதுவாக இருந்தாலும் கூட நிற்பவர் பத்து எண்ணுவதற்குள் கழற்ற முடிய வேண்டும். முடிச்சு வேண்டாம், பக்கிள் போதும். தோலையும் நாடாவையும் வெட்டுகிற தடித்த கத்தரிக்கோல் ஒன்று மேற்பார்வையாளரின் இடுப்பில் தொங்க வேண்டும். குடிக்க வெறும் தண்ணீர் மட்டும் போதாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 சமமட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கலக்கி வைத்துவிடலாம், கடையில் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் ஒரு டம்ளர் குடித்தால்தான் களத்துக்குள் விடுவது.

ஆஸ்பத்திரியில் வேறொரு கதை. "எப்படி அடிபட்டது?" என்று கேட்டார்கள், "கழியால்" என்றேன். உடனே போலீஸுக்குத் தகவல் போகும் கேஸாகப் பதிவு செய்துவிட்டார்கள். அடிதடி என்று சந்தேகம் வந்தால் அப்படித்தான் பதிவு செய்வார்கள், அவர்கள் மேல் தவறில்லை. காவல் நிலையத்தில் போய் உட்கார்ந்து, இது விளையாட்டு, இந்தப் பிள்ளைகள் இஷ்டப்பட்டு ஆடியது என்று நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. யார் யார் கலந்துகொண்டார்கள் என்ற பட்டியல்கூட இல்லை. மயங்கிய பையனின் வீட்டு நம்பர் யாருக்கும் தெரியவில்லை, அவன் போன் பூட்டியிருந்தது. அவன் அம்மாவுக்குத் தகவல் போக இரண்டரை மணி நேரம் ஆனது. இன்றுவரை என்னை உறுத்துவது அந்த இரண்டரை மணி நேரம். ஆஸ்பத்திரிச் செலவு இரண்டு பேருக்கும் சேர்த்து 75,600. பிள்ளைகள் அங்கங்கே புரட்டி 23,600 கொண்டுவந்தார்கள், மீதியை நான் கட்டினேன். நீங்கள் நடத்துவதாக இருந்தால் ஒவ்வொருவரிடமும் ஒரு தாள் எழுதி வாங்குங்கள்: பெயர், வயது, ரத்த வகை, வீட்டில் ஒருவருடைய போன் நம்பர், ஏதாவது வியாதியோ மாத்திரையோ உண்டா, இஷ்டப்பட்டுத்தான் ஆடுகிறேன் என்று கையெழுத்து. 18 வயது ஆகாதவரை விடாதீர்கள். இடத்துக்காரரிடமும் என்ன நடக்கப்போகிறது என்று எழுத்தில் கொடுங்கள், காவல் நிலையத்துக்கும் முன்கூட்டி ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ஒரு நாள் விபத்துக் காப்பீடு எடுக்க முடியுமா என்று விசாரியுங்கள்.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் நான் அவர்கள் பக்கமே போகவில்லை. ஐப்பசியில் என் தம்பி வந்து, "இன்னாக்கா, நீங்க இல்லன்னா நாங்க வேற எங்கயாவது ஒளிஞ்சு ஆடுவோம், அது பரவாயில்லையா?" என்று கேட்டான். அவன் மிரட்டவில்லை, உண்மையைத்தான் சொன்னான். சரி, நான் சொல்கிறபடி நடந்தால் வருகிறேன் என்றேன். மார்கழியில் வைத்தோம். காலை 6.30க்குத் தொடக்கம், 8.45க்கு முடிவு. மேற்பார்வைக்கு நாலு பேர். உள்ளே நான், இரண்டு பக்கமும் ஆளுயரக் கழியோடு இரண்டு பேர், தண்ணீர் மேஜையில் ஒருவர். அந்தக் கழி அடிக்க இல்லை. சண்டை ஓரத்துக்கு வந்தால் குறுக்கே நீட்டித் தடுக்க. நாலில் ஒருவர் களத்தை விட்டுப் போனாலும் சண்டை நிற்கும், எல்லாரும் தலைக்கவசம் கழற்றித் தரையில் வைக்க வேண்டும். பார்வையாளருக்குக் கயிறு கட்டி, கயிற்றிலிருந்து பத்தடி தள்ளிக் களம்.

நிறுத்தச் சொல்லும் வார்த்தைக்கே ஒரு வாரம் செலவழித்தோம். விசில் வேண்டாம் என்று முடிவானது, பக்கத்துத் திடலில் கிரிக்கெட் ஆடுபவர்களும் விசில் அடிக்கிறார்கள். 'நில்' என்று கத்திப் பார்த்தேன், இரும்புக்குள் இருப்பவனுக்கு அந்த 'ல்' போய்ச் சேரவே இல்லை. 'நிறுத்து' சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு அடி விழுந்துவிடுகிறது. கடைசியில் அமெரிக்காவில் சொல்கிற 'ஹோல்டு' என்பதையே வைத்துக்கொண்டோம். 'ஹோ'வை நீட்டினால் நான் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு கேட்டபோதும் தெளிவாகக் கேட்டது. யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பார்க்க வந்த குழந்தைகூட. காதில் விழுந்தவர் திருப்பிக் கத்த வேண்டும், வாளைத் தாழ்த்த வேண்டும், நின்ற இடத்திலிருந்து ஒரு அடி நகரக் கூடாது. ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் மூன்று தடவை பொய்யாக 'ஹோல்டு' சொல்லிப் பழக்குகிறேன். காரணமில்லாமல் நிறுத்திவிட்டார் என்று யாரையும் திட்டக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். ஒரு தடவை திட்டு வாங்கியவர் அடுத்த தடவை வாய் திறக்க மாட்டார்.

அன்று சோதனை மேஜையில் உட்கார்ந்தது, கன்னத்தில் தையல் போட்ட அந்தப் பையன்தான். அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். முகக் கம்பியைப் பிடித்துத் தலைக்கவசத்தை உலுக்கிப் பார்க்கிறான், தலை ஆடாமல் கவசம் மட்டும் ஆடினால் உள்ளே இன்னும் பஞ்சு வைக்கச் சொல்லி அனுப்புகிறான். தாடை வார் இல்லாமல் வந்தவனைத் திருப்பிவிட்டான். தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, தாடைக்கும் கழுத்துக் காப்புக்கும் நடுவே தோல் தெரிகிறதா என்று பார்க்கிறான். கிரிக்கெட் கையுறையோடு வந்த இரண்டு பேரிடம், பெருவிரல் பக்கவாட்டில் திறந்திருப்பதைக் காட்டி, கையைச் சுற்றிக் கூண்டு வைத்த வாள் கொண்டுவந்தால்தான் விடுவேன் என்றான். 12 பேரில் 3 பேர் அன்று ஆடாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒருவன் அதற்குப் பிறகு வருவதே இல்லை.

பிள்ளைகள் மாதம் 2,000 என்று எனக்குத் திருப்பித் தருகிறார்கள், 13 மாதத் தவணை வந்திருக்கிறது. மயங்கி விழுந்த பையன் இப்போது ஆடுவதில்லை, தண்ணீர் மேஜையில் உட்கார்ந்து யார் எத்தனை டம்ளர் குடித்தார்கள் என்று நோட்டில் குறிக்கிறான். மார்கழிப் போட்டிக்கு முந்தின இரவு அவன் அம்மா எனக்கு போன் செய்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அப்போதுதான். "எத்தனை மணிக்கு முடிப்பீங்கம்மா?" என்று கேட்டார். 8.45 என்றேன். மறுநாள் 8.50க்கு மறுபடி அவர் போன் வந்தது. எல்லாரும் கழற்றிவிட்டார்கள், இட்லி சாப்பிடுகிறார்கள் என்று சொல்லி, போனை அவனிடம் கொடுத்தேன்.